ஒரே 50 எம்எம்... ஒன்று 160 கிராம், இன்னொன்று 1 கிலோ! கேமரா லென்ஸ்களின் எடையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேமரா கடைக்குப் போனால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கேனான் நிறுவனத்தின் ஆர்எஃப் வரிசையில் இரண்டு 50 எம்எம் லென்ஸ்களை எடுத்துத் தரச் சொல்லுங்கள். எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். எஃப் 1.2 லென்ஸ் 950 கிராம். கையில் வாங்கியதும் மணிக்கட்டு லேசாகக் கீழே இறங்கும். நிக்கானின் இசட் 50 எம்எம் எஃப் 1.2 லென்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய் 1,090 கிராம் இருக்கிறது.

மூன்றுமே 50 எம்எம்தான். மூன்றிலும் ஒரே இடத்தில் நின்று எடுத்தால், ஃபிரேமுக்குள் வரும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் எடையில் ஆறு மடங்கு வித்தியாசம், விலையில் பத்து மடங்குக்கும் மேல்.

அந்த கூடுதல் 800, 900 கிராமில் அப்படி என்னதான் இருக்கிறது? அதைச் சுமப்பதால் போட்டோவில் என்ன கிடைக்கிறது? லட்சக்கணக்கில் பணம் போட்டு லென்ஸ் வாங்குகிறவர்கள், அதிலும் கல்யாண ஆர்டர்களை நம்பிக் கடன் வாங்கி லென்ஸ் எடுக்கிறவர்கள், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

எஃப் எண் சொல்லும் கணக்கு

லென்ஸ் மீது எழுதியிருக்கும் எஃப் 1.8, எஃப் 2.8 என்பதெல்லாம் ஏதோ மாடல் நம்பர் இல்லை. அது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் ஃபோகல் லெங்த்தை அந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் உள்ளே போகும் துளை எவ்வளவு அகலம் என்பது கிடைத்துவிடும். லென்ஸை முன்பக்கமாகப் பார்த்தால் உள்ளே தெரியுமே ஒரு வட்டம், அதன் அகலம்.

50ஐ 1.8ஆல் வகுத்தால் சுமார் 28 எம்எம். 50ஐ 1.2ஆல் வகுத்தால் சுமார் 42 எம்எம். அதாவது எஃப் 1.2 லென்ஸின் துளை ஒன்றரை மடங்கு அகலம். பரப்பளவில் பார்த்தால் 2.25 மடங்கு. அதனால் உள்ளே வரும் வெளிச்சமும் 2.25 மடங்கு.

சரி, துளை ஒன்றரை மடங்கு பெரிதானால் எடையும் ஒன்றரை மடங்குதானே கூட வேண்டும்? இங்கேதான் சிக்கல். கண்ணாடி என்பது தட்டையான காகிதம் இல்லை, கனம் உள்ள பொருள். ஒரு லென்ஸ் கண்ணாடியை அதே வடிவத்தில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், நீளம், அகலம், தடிமன் மூன்றுமே ஒன்றரை மடங்கு கூடும். 1.5 பெருக்கல் 1.5 பெருக்கல் 1.5... சுமார் 3.4 மடங்கு எடை. கண்ணாடி பெரிதானால் அதைத் தாங்கும் உலோகக் குழல் பெரிதாகும். அதை நகர்த்தும் மோட்டாரும் பெரிதாகும்.

ஆனால் இந்தக் கணக்குப்படியும் 160 கிராம் 540 கிராம்தான் ஆகிறது. 950 கிராமுக்கு இன்னும் 400 கிராம் குறைகிறதே, அது எங்கிருந்து வந்தது?

குறையைத் திருத்த இன்னொரு கண்ணாடி, அதைத் திருத்த இன்னொன்று

கேனானின் 160 கிராம் லென்ஸுக்குள் இருப்பவை 6 கண்ணாடிகள். 950 கிராம் லென்ஸுக்குள் 15. நிக்கானின் எஃப் 1.2 லென்ஸுக்குள் 17.

6 கண்ணாடி என்பது இன்று நேற்று வந்த கணக்கு இல்லை. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் என்பவர் 1896ல் வடிவமைத்த பிளானார் லென்ஸில் முன்னும் பின்னும் சமச்சீராக 6 கண்ணாடிகள் இருந்தன. 130 ஆண்டுகள் ஆகப் போகிறது. விலை குறைந்த 50 எம்எம் லென்ஸ்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான். எளிமையான, மலிவான, அற்புதமான வடிவமைப்பு. ஆனால் துளையை அகலமாகத் திறக்கத் திறக்க அதன் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

காரணம் இதுதான். கண்ணாடியின் நடுப்பகுதி வழியாக வரும் ஒளி ஓர் இடத்தில் குவியும். ஓரப்பகுதி வழியாக வரும் ஒளி கொஞ்சம் தள்ளிக் குவியும். துளை சின்னதாக இருந்தால் ஓரத்து ஒளி உள்ளேயே வராது, பிரச்சினை இல்லை. அகலமாகத் திறந்தால் அந்த ஒளியும் வந்து சேரும். முகத்தின் மேல் மெல்லிய பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் வரும். நகையின் பளபளப்பைச் சுற்றி ஊதா நிற ஓரம் தெரியும். ஃபிரேமின் மூலையில் இருக்கும் சீரியல் பல்பு, புள்ளியாக விழாமல் சிறகு விரித்த பறவை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு மருந்து உண்டு. ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடி, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி, சாதாரண உருண்டை வளைவு இல்லாமல் தனி வளைவில் செதுக்கிய கண்ணாடி. ஆனால் ஒரு குறையைச் சரிசெய்யப் போட்ட கண்ணாடியே புதிதாக ஒரு குறையைக் கொண்டு வரும். அதைச் சரிசெய்ய இன்னொன்று. இப்படித்தான் 6 என்பது 15 ஆகிறது.

ஃபிலிம் காலத்தில் இந்தக் குறைகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெரும்பாலானோர் பார்த்தது ஆல்பத்தில் ஒட்டிய சின்ன பிரிண்ட். 40, 50 மெகாபிக்சல் கேமராக்கள் வந்த பிறகு, எடிட்டிங் டேபிளில் போட்டோவை முழு அளவுக்கு ஜூம் செய்து கண் இமையை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. லென்ஸ் நிறுவனங்களும் ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. 2013ல் சைஸ் கொண்டுவந்த ஓட்டஸ் 55 எம்எம் எஃப் 1.4 லென்ஸைத்தான் இதில் ஒரு திருப்புமுனை என்று சொல்ல வேண்டும். 12 கண்ணாடிகள், கிட்டத்தட்ட 1 கிலோ எடை, ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, அமெரிக்காவில் விலை சுமார் 4,000 டாலர். "எடையைப் பற்றிக் கவலை இல்லை, தரம்தான் முக்கியம்" என்று வெளிப்படையாக இறங்கிய லென்ஸ் அது. அடுத்த ஆண்டே சிக்மாவின் ஆர்ட் 50 எம்எம் எஃப் 1.4 ஆட்டோ ஃபோகஸுடன் 815 கிராமில் வந்தது. ஓட்டஸை விட விலை பல மடங்கு குறைவு. 50 எம்எம் என்றாலே கைக்கடக்கமான லென்ஸ் என்ற எண்ணம் அதோடு போனது.

இந்தப் போட்டி எங்கே போய் முடிந்தது என்று கேட்டால், 2019ல் நிக்கான் வெளியிட்ட 58 எம்எம் எஃப் 0.95 நாக்ட் லென்ஸைக் காட்டலாம். எடை 2 கிலோ. விலை 7,999 டாலர். இதிலும் ஃபோகஸை கையால்தான் திருப்ப வேண்டும். எங்களால் முடியும் என்று காட்டுவதற்காகவே செய்த லென்ஸ் என்றுதான் தோன்றுகிறது. கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகும் பொருள் இல்லை.

அப்படியென்றால் லைக்கா லென்ஸ் மட்டும் எப்படி குட்டியாக இருக்கிறது?

நியாயமான கேள்வி. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 2012ல் அறிமுகப்படுத்திய அப்போ-சம்மிக்ரான் 50 எம்எம் எஃப் 2 லென்ஸின் எடை வெறும் 300 கிராம். உள்ளே 8 கண்ணாடிகள். உலகின் மிகத் துல்லியமான 50 எம்எம் லென்ஸ்களில் ஒன்றாகப் பேசப்படுவது. எடையும் குறைவு, தரமும் உச்சம் என்றால் மற்றவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை?

விலையைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அறிமுகமானபோதே 7,000 டாலருக்கு மேல். மீதி பதில், அந்த லென்ஸில் இல்லாத விஷயங்களில் இருக்கிறது. துளை எஃப் 2 அளவுதான். ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் கிடையாது.

லைக்கா எம் கேமராவில் லென்ஸ் சின்னதாக இருந்தே ஆக வேண்டிய கட்டாயமும் உண்டு. அதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. கேமராவின் மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்ஸ் குண்டாக இருந்தால் அந்தக் காட்சியின் ஒரு பகுதியை லென்ஸே மறைத்துவிடும்.

இதே லைக்கா, ஆட்டோ ஃபோகஸ் உள்ள எஸ்எல் கேமராவுக்காக 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் செய்தபோது எடை 1,065 கிராம் ஆகிவிட்டது. எம் கேமராவுக்கான அதே நிறுவனத்தின் 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் 335 கிராம்தான். மோட்டாரும், மூலை முடுக்கு வரை சமமான தரமும் வேண்டும் என்று கேட்டால் லைக்காவும் எடையைக் கூட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சின்ன லென்ஸில் அகலத் துளை வைத்தால் இன்னொரு விலையும் உண்டு. ஃபிரேமின் நான்கு மூலைகளும் இருண்டு போகும். பின்னால் மங்கலாகத் தெரியும் விளக்குகள் நடுவில் வட்டமாகவும், ஓரத்தில் பூனைக்கண் போல ஒடுங்கியும் தெரியும். சாய்வாக வரும் ஒளிக்கு லென்ஸின் குழலே குறுக்கே நிற்பதுதான் காரணம். இதைத் தவிர்க்க முன் கண்ணாடியைத் துளையைவிட இன்னும் பெரிதாக வைக்க வேண்டும். நிக்கான் எஃப் 1.2 லென்ஸின் துளை 42 எம்எம் இருக்க, ஃபில்டர் அளவு 82 எம்எம் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

மிரர்லெஸ் வந்தால் எல்லாம் சின்னதாகிவிடும் என்றார்களே?

கேமரா உடல் சின்னதானது உண்மை. உள்ளே இருந்த கண்ணாடியும், அது மேலே எழும்பத் தேவையான இடமும் போய்விட்டன. நிக்கானின் பழைய எஃப் மவுன்டில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 எம்எம் தூரம். புதிய இசட் மவுன்டில் அது 16 எம்எம். கேனானில் 44லிருந்து 20 ஆகக் குறைந்தது. இப்போது பெரிய கண்ணாடிகளை சென்சாருக்குப் பக்கத்திலேயே வைக்க முடியும். வடிவமைப்பாளர்களுக்குக் கை கட்டு அவிழ்ந்த மாதிரி.

ஆனால் கிடைத்த சுதந்திரத்தை எடையைக் குறைக்கப் பயன்படுத்துவதா, தரத்தைக் கூட்டப் பயன்படுத்துவதா? ஆரம்பத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் தரத்தைத்தான் தேர்ந்தெடுத்தன. அதனால்தான் கேமரா இளைத்தது, லென்ஸ் கொழுத்தது. 

கொஞ்ச நாள் கழித்துத்தான் காற்று திசை மாறியது. இதற்குச் சோனியின் கணக்கு நல்ல உதாரணம். 2016ல் சைஸ் பெயருடன் வந்த சோனி 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் 778 கிராம். 2021ல் சோனியின் ஜி மாஸ்டர் 50 எம்எம் எஃப் 1.2 வந்தது. எடை? அதே 778 கிராம். அதே எடையில் கூடுதல் துளை. 2023ல் ஜி மாஸ்டர் எஃப் 1.4 வந்தபோது 516 கிராம். ஏழே ஆண்டுகளில் அதே 50 எம்எம், அதே எஃப் 1.4, எடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது, தரம் குறையவில்லை.

ஜூம் லென்ஸிலும் இதே கதைதான். சோனி 70-200 எஃப் 2.8 முதல் பதிப்பு 1,480 கிராம், 2021ல் வந்த இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸ் 886லிருந்து 695 ஆனது. கேனான் 2018ல் 28-70 எஃப் 2 ஜூமை 1,430 கிராமில் கொண்டுவந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். 2024ல் சோனி அதே அளவுகளில் 918 கிராமில் கொடுத்தது.

தனி வளைவுக் கண்ணாடிகளைத் துல்லியமாகச் செய்யும் தொழில்நுட்பம் முன்னேறியதால், மூன்று கண்ணாடி செய்த வேலையை ஒன்றே செய்கிறது. ஃபோகஸுக்காக மொத்தக் கண்ணாடிக் கூட்டத்தையும் நகர்த்தாமல், உள்ளே இருக்கும் சின்னக் கூட்டத்தை மட்டும் நகர்த்துவதால் மோட்டாரும் சின்னதாக இருந்தால் போதும், வேகமும் கூடும்.

இதனால் வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: எடை கூட இருந்தாலே தரம் கூட என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. பழைய 800 கிராம் லென்ஸை விடப் புதிய 500 கிராம் லென்ஸ் நன்றாக இருக்கலாம். "வெயிட்டைப் பாரு, சும்மா கல்லு மாதிரி இருக்கு" என்று கடையில் சொன்னால், அந்த லென்ஸ் எந்த ஆண்டு வந்தது என்று முதலில் கேளுங்கள்.

சாஃப்ட்வேர் கொடுக்கும் சலுகை

எடை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். சில குறைகளைக் கண்ணாடியால் திருத்தாமல், கேமராவுக்குள் இருக்கும் சாஃப்ட்வேரிடம் விட்டுவிடுகிறார்கள். கேனான் ஆர்எஃப் 16 எம்எம் எஃப் 2.8 வெறும் 165 கிராம். திருத்தாத படத்தைப் பார்த்தால் நேர்க்கோடுகள் பீப்பாய் மாதிரி புடைத்திருக்கும். சாஃப்ட்வேர் அதை இழுத்து நேராக்கித் தருகிறது.

இழுக்கும்போது மூலைகளில் இருக்கும் பிக்சல்கள் விரிகின்றன. இருண்ட மூலையைப் பிரகாசமாக்கும்போது அங்கே புள்ளி புள்ளியாக இரைச்சலும் கூடுகிறது. பயண வீடியோ எடுப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. நட்சத்திரங்களைப் படம் பிடிப்பவருக்கு மூலைதான் பாதி படம், அவருக்கு இது பெரிய விஷயம். அதனால் இதை ஏமாற்று வேலை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

டெலிஃபோட்டோ... இங்கே கணக்கை ஏமாற்ற முடியாது

50 எம்எம் லென்ஸில் வடிவமைப்பாளருக்கு விளையாட இடம் இருக்கிறது. 400, 600 எம்எம் லென்ஸுக்குப் போனால் அது கிடையாது. 600ஐ 4ஆல் வகுத்தால் 150 எம்எம். முன் கண்ணாடி குறைந்தது 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தே ஆக வேண்டும். 400 எம்எம் எஃப் 2.8க்கு சுமார் 143 எம்எம். கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக் கோட்டில் வரிசையாக நிற்கும் பீரங்கி போன்ற வெள்ளை லென்ஸ்கள் இந்த ரகம்தான்.

எந்தத் தொழில்நுட்பத்தாலும் அந்த 15 சென்டிமீட்டரைக் குறைக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதை மாற்றலாம். கேனான் 400 எம்எம் எஃப் 2.8 லென்ஸைப் பாருங்கள். 1999ல் வந்த ஐஎஸ் பதிப்பு 5,370 கிராம். இரண்டாம் பதிப்பு 3,850. 2018ல் வந்த மூன்றாம் பதிப்பு 2,840. அதே துளை, அதே தூரம், எடை கிட்டத்தட்ட பாதி.

எப்படி முடிந்தது? முன் கண்ணாடிக்குப் பின்னால் அடுத்தடுத்து வந்த பெரிய கண்ணாடிகளைப் பின்பக்கம் தள்ளினார்கள். ஒளி குவிந்துகொண்டே வருவதால், பின்னே போகப் போக சின்னக் கண்ணாடியே போதும். எடையும் குறைந்தது, இருக்கிற எடையும் கேமராவின் பக்கம் நகர்ந்தது. இது வெறும் தராசுக் கணக்கு இல்லை. முன்பக்கம் கனமான லென்ஸ் கையில் இருந்தால் அது கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

துளையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாரா? அப்போது இன்னொரு வழி திறக்கிறது. நிக்கானின் 500 எம்எம் எஃப் 4 லென்ஸ் 3,090 கிராம். 2018ல் வந்த 500 எம்எம் எஃப் 5.6 பிஎஃப் லென்ஸ் 1,460 கிராம். பாதிக்கும் குறைவு. பிஎஃப் என்றால் ஃபேஸ் ஃப்ரெனல். கலங்கரை விளக்கங்களில் வளையம் வளையமாகச் செதுக்கிய கண்ணாடி இருக்குமே, அதை 1820களில் உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ரெனலின் பெயர்தான். பிஎஃப் கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய வளையங்கள் உண்டு. சாதாரணக் கண்ணாடி நிறங்களை ஒரு வரிசையில் பிரிக்கும், இந்த வளையங்கள் நேர் எதிர் வரிசையில் பிரிக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். நிறக் குறையைத் திருத்தப் போட வேண்டிய கனமான கண்ணாடிகள் குறையும், லென்ஸின் நீளமும் குறையும். கேனானும் டிஓ என்ற பெயரில் 2001லேயே 400 எம்எம் எஃப் 4 லென்ஸில் இதே வழியைப் பயன்படுத்தியது.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஃபிரேமுக்குள் கடுமையான விளக்கோ சூரியனோ இருந்தால் அதைச் சுற்றி வளையமாக ஒளிச் சிதறல் வரலாம். பறவையைப் படம் எடுக்கும்போது இது அரிதாகத்தான் தொந்தரவு தரும். ஃப்ளட் லைட் நேராக விழும் மேட்ச் என்றால் யோசிக்க வேண்டும்.

இன்றைய நிலவரத்தில், நிக்கான் 600 எம்எம் எஃப் 4 லென்ஸ் 3,260 கிராம். அதில் டெலிகன்வெர்ட்டரும் உள்ளேயே இருக்கிறது. 600 எம்எம் எஃப் 6.3 லென்ஸ், ட்ரைபாட் காலுடன் 1,470 கிராம். வெளிச்சத்தில் வித்தியாசம் சுமார் இரண்டரை மடங்கு. அதிகாலையில் எஃப் 4ல் ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுக்கும் அதே படத்துக்கு, எஃப் 6.3ல் ஐஎஸ்ஓ 8000 வைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் இது ஏற்க முடியாத நிலை. இன்றைய சென்சார்களிலும், இரைச்சலை நீக்கும் சாஃப்ட்வேர்களிலும் ஐஎஸ்ஓ 8000 தாராளமாகப் பயன்படுத்தும் தரத்தில் இருக்கிறது. வேடந்தாங்கலில் விடியற்காலையில் இருந்து ஒன்பது மணி வரை ட்ரைபாட் இல்லாமல் நடந்து எடுக்க நினைப்பவர், அந்த 1,800 கிராமைத் தயங்காமல் விட்டுவிடலாம். எஃப் 4ல் கிடைக்கும் பின்னணி மங்கலும், இருட்டு வேளை வசதியும் தொழிலுக்கே தேவை என்பவருக்கு வேறு வழியில்லை.

எஃப் 1.2ல் உண்மையில் என்ன கிடைக்கிறது?

மறுபடி 50, 85 எம்எம் லென்ஸ்களுக்கு வருவோம். பெரும்பாலானோர் பணம் போடுவது இங்கேதான்.

எஃப் 1.8க்கும் 1.2க்கும் வெளிச்ச வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். ஐஎஸ்ஓ 3200க்குப் பதிலாக சுமார் 1400 வைத்தால் போதும். நல்ல லாபம்தான், ஆனால் படத்தின் தலையெழுத்தை மாற்றும் லாபம் இல்லை.

அடுத்து பின்னணி மங்கல். 85 எம்எம் லென்ஸில் 2 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்கிறோம் என்று வையுங்கள். எஃப் 1.8ல் தெளிவாக இருக்கும் பகுதி சுமார் 6 சென்டிமீட்டர். எஃப் 1.2ல் சுமார் 4. மணமகள் லேசாகத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, இன்னொரு கண் மங்கல். மணமகன், மணமகள் இரண்டு பேரும் ஃபிரேமில் இருந்தால் சொல்லவே வேண்டாம், எப்படியும் எஃப் 2.8க்கு மேல் மூடித்தான் எடுப்பார்கள். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய துளையை மூடி வைத்துவிட்டுப் படம் எடுப்பதுதான் நடைமுறையில் பாதி நேரம் நடக்கிறது.

மூடினால் என்ன ஆகும்? எஃப் 5.6, எஃப் 8க்குப் போனால் 160 கிராம் லென்ஸும் 950 கிராம் லென்ஸும் கொடுக்கும் படங்களைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். முன்பு சொன்ன ஓரத்து ஒளி உள்ளே வராததால், சின்ன லென்ஸின் குறைகளும் மறைந்துவிடுகின்றன. ஸ்டுடியோவில் ஃப்ளாஷ் வைத்து எஃப் 8ல் எடுப்பவர் எஃப் 1.2 லென்ஸ் வாங்கினால் அது ஆசைக்காக மட்டும்தான். தப்பில்லை, ஆனால் ஆசை என்று தெரிந்தே வாங்கட்டும்.

அதே நேரம், பெரிய லென்ஸின் மதிப்பு எஃப் எண்ணில் மட்டும் இல்லை. எஃப் 1.8 லென்ஸை எஃப் 1.8ல் திறந்து எடுக்கும் படத்தை விட, எஃப் 1.2 லென்ஸை எஃப் 1.8க்கு மூடி எடுக்கும் படம் மூலை வரை தெளிவாக இருக்கும். நல்ல மோட்டார், மழைத்துளிக்கும் தூசிக்கும் தடுப்பு, வீடியோவில் ஃபோகஸ் மாறும்போது ஃபிரேம் விரிந்து சுருங்காத கட்டுப்பாடு... கூடுதல் கிராம்களில் இவற்றுக்கும் பங்கு உண்டு. மழையில் நின்று செய்தி எடுப்பவருக்கு கடைசி பாயிண்ட்டை விட முந்தைய பாயிண்ட்தான் முக்கியம்.

பெரும்பாலானோருக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் லென்ஸ்களே பொருந்தும் என்பது நம் கருத்து. சோனியின் 516 கிராம் எஃப் 1.4, நிக்கானின் 415 கிராம் எஃப் 1.8 எஸ், சிக்மாவின் 670 கிராம் எஃப் 1.4 போன்றவை. இதில் நிக்கான் எஃப் 1.8 எஸ் தனிக் கவனத்துக்கு உரியது. மற்ற எஃப் 1.8 லென்ஸ்களை விட இரண்டரை மடங்கு எடை. அந்த எடை முழுவதும் துளையைப் பெரிதாக்கப் போகவில்லை, குறைகளைத் திருத்தப் போயிருக்கிறது.

நீளமா, வசதியா?

எடையைப் பார்த்துவிட்டு அளவை மறந்துவிடக் கூடாது. கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 லென்ஸ் 2019ல் வந்தபோது 1,070 கிராம், மடக்கினால் 146 எம்எம் நீளம்தான். தோள் பையில் நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும். டெலிகன்வெர்ட்டர் மாட்ட முடியாது. இது பலருக்குக் குறையாகப் பட்டது. 2024ல் வந்த இசட் பதிப்பில் குழல் நீளாது, டெலிகன்வெர்ட்டரும் பொருந்தும். எடை 1,110 கிராம், கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நீளம் எப்போதுமே சுமார் 20 சென்டிமீட்டர். இரண்டையும் கேனான் விற்கிறது, ஏனென்றால் இரண்டு விதமான ஆட்களும் இருக்கிறார்கள். கிம்பலில் மாட்டி வீடியோ எடுப்பவருக்குக் குழல் நீண்டால் ஒவ்வொரு ஜூமுக்கும் பேலன்ஸ் போய்விடும். பேருந்தில் போய் இறங்கி போட்டோ எடுப்பவருக்கு மடங்கும் லென்ஸ்தான் தெய்வம்.

எஃப் 2.8 தேவையில்லை என்றால் அதே கேனானின் 70-200 எஃப் 4 லென்ஸ் 695 கிராம். பகல் வெளிச்சத்தில் எடுப்பவர்கள் இதை முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் போட்டோக்களில் கடைசி ஆயிரத்தை எடுத்து, எந்த எஃப் எண்ணில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் இதை ஒரே நிமிடத்தில் பிரித்துப் பார்க்கலாம். எஃப் 1.8லேயே எடுத்தது நூறுகூட இல்லை என்றால் எஃப் 1.2 உங்களுக்கான லென்ஸ் இல்லை.

படம் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். இன்ஸ்டாகிராமில் 1,080 பிக்சல் அகலத்தில் போடும் படத்தில், 45 மெகாபிக்சல் கேமராவின் 8,000 பிக்சல் அகலமும் சுருங்கிவிடும். அங்கே மூலைத் தெளிவை யாரும் பார்க்கப் போவதில்லை. பெரிய ஆல்பம், பேனர் அளவு பிரிண்ட் போடுபவருக்குக் கணக்கு வேறு.

விமானத்தில் போய் வேலை செய்பவராக இருந்தால் பையை ஒருமுறை எடை போடுங்கள். இந்தியாவுக்குள் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. இரண்டு கேமரா, 28-70 எஃப் 2, 70-200 எஃப் 2.8, ஒரு 50 எஃப் 1.2, லேப்டாப், சார்ஜர், பை... வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். லென்ஸை செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பயணம் செய்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். புது லென்ஸ் கையில் இருக்கும் சந்தோஷத்தில் எடை தெரியாது. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் எடுத்து, உங்கள் கேமராவில், உங்கள் ஃப்ளாஷுடன், உங்கள் ஸ்ட்ராப்பில் மாட்டி ஒரு முழு நிகழ்ச்சியை எடுத்துப் பாருங்கள். முகூர்த்தம் முடிந்து, சாப்பாட்டுப் பந்தியும் முடிந்து, மாலை ரிசப்ஷனில் மேடைக்குக் கீழே நிற்கும்போது எந்த லென்ஸைக் கழற்றிப் பையில் போடத் தோன்றுகிறதோ, அதைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் கடைக்குப் போங்கள்.